பார்க்காமலும் செய்யலாம் சோதனை

திரையில் ஒரு பலூன், பக்கத்தில் ஒரு கம்பளிச் சட்டை. மவுஸால் பலூனை இழுத்துச் சட்டையில் உரசினால் எதிர்மின்னூட்டங்கள் பலூனில் ஏறுகின்றன. நிலைமின்னியலைக் கற்பிக்கும் இந்த மெய்நிகர் சோதனையைப் பார்வையற்ற மாணவர் எப்படிச் செய்வார்? அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ குழு இதற்கு வழி கண்டிருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் இது.

சிக்கல் எங்கே?

பார்வையற்றோருக்குக் கணினித் திரையைப் படித்துச் சொல்வது திரைவாசிப்பான் என்ற மென்பொருள். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ அத்தகைய மென்பொருள்களில் ஒன்று. அது எழுத்தைக் குரலாக்கும். ஆனால் மெய்நிகர் ஆய்வகங்களில் பெரும்பாலும் எல்லாமே படம். படத்துக்குள் பலூன் நகர்வது திரைவாசிப்பானுக்குத் தெரியாது. மவுஸ் இல்லாமல் எதையும் நகர்த்த முடியாதென்றால், மாணவரால் சோதனையைத் தொடங்கவே முடியாது.

தீர்வு என்ன?

ஃபெட் குழு, படத்துக்கு இணையாகத் திரைவாசிப்பான் படிக்கத்தக்க உரையையும் உள்ளே வைத்தது. டேப் விசையால் பலூனை அடைந்து, ஸ்பேஸ் விசையால் பிடித்து, அம்புக்குறி விசைகளால் நகர்த்தலாம். பலூன் எங்கே இருக்கிறது, எவ்வளவு மின்னூட்டம் ஏறியது என்பதைக் குரல் உடனுக்குடன் சொல்லும். இதே குழுவின் ஓம் விதிச் சோதனையில் 4.5 வோல்ட், 500 ஓம் என்றால் மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியர். மின்னழுத்தத்தை 9 வோல்ட்டாக்கினால் அது 18 ஆவதைக் காதாலேயே அறியலாம்.

இதில் நுட்பமான வேலை, எதைச் சொல்லாமல் விடுவது என்பதுதான். ‘பலூனில் எதிர்மின்னூட்டம் கூடியிருக்கிறது’ என்பது காட்சி. அதைச் சொல்ல வேண்டும். ‘அதனால்தான் பலூன் சட்டையை நோக்கிப் போகிறது’ என்பது முடிவு. அதை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். முடிவையும் குரலே சொல்லிவிட்டால் செய்முறை வெறும் பாடமாகிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

மின்னணு உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு. ஒரு மெய்நிகர் ஆய்வகத்தை வாங்கும் முன் பள்ளிகள் மவுஸைக் கழற்றி, திரையை அணைத்து, விசைப்பலகையும் குரலும் மட்டும் கொண்டு ஒரு சோதனையை முடித்துப் பார்க்கலாம். பார்வையற்ற மாணவர்களையே அதைச் சோதிக்கச் சொல்வது இன்னும் நல்லது. தமிழ்வழி மாணவர்களுக்குப் பொத்தான்களின் பெயர்கள் மட்டும் தமிழில் இருந்தால் போதாது. காதில் விழும் ஒவ்வொரு விவரிப்பும் தமிழில் வேண்டும். அறிவியல் பிரிவில் சேர விரும்பும் பார்வையற்ற மாணவரிடம், செய்முறையைக் காரணம் காட்டி ‘முடியாது’ என்று சொல்ல இனி நியாயம் இல்லை.