கேளாமல் வந்த தீர்ப்பு

தான் அறியாத ஒரு கடனுக்காகத் தன்மீது நீதிமன்றத் தீர்ப்பொன்று எழுதப்பட்டிருக்கிறது என்னும் செய்தி பெரும்பாலோருக்கு நீதிமன்றத்திலிருந்து வந்து சேருவதில்லை. வீடு வாங்குவதற்கோ காரை மாற்றுவதற்கோ கடன் கேட்டு விண்ணப்பித்துவிட்டு வங்கி மேசைக்கு எதிரே நம்பிக்கையோடு அமர்ந்திருக்கும் வேளையில், சி.டி.ஓ.எஸ். என்னும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையைப் புரட்டிய அதிகாரி, "உங்கள் பேரில் கோர்ட்டில் ஒரு கேஸ் இருக்கிறதே" என்று சொல்லும்போதுதான் அது தெரியவருகிறது. எந்த வழக்கு, யார் தொடுத்தது, எப்போது தொடுத்தது என்று ஒன்றும் விளங்காமல் திகைக்கும் அந்த மனிதர் விசாரிக்கத் தொடங்கினால், என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தனியார் வாகன நிறுத்துமிடத்தில் தம் காரின் பேரில் ஏறிய கட்டணம், வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்து வளர்ந்து, அவர் இல்லாத சபையில் அவருக்கெதிரான தீர்ப்பாக முடிந்திருப்பதைக் காணலாம். அத்தகைய தீர்ப்பைக் கண்டு அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை என்பதையும், அதை அலட்சியம் செய்வது பேராபத்து என்பதையும் சாமானிய வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது யாருக்கும் நேரலாம் என்பதற்கு உதாரணமாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்க முதலாளிகளான லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்ததால் மலாயாவின் சரித்திரத்தில் இடம்பெற்ற, சிலாங்கூர் மாநிலத்து ரவாங், இன்று சுரங்கத்தையும் தோட்டத்தையும் நம்பி வாழும் ஊரன்று. விடியுமுன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் குடும்பங்களின் ஊர். கொமுட்டர் ரயிலைப் பிடிக்க நிலையத்தருகே காரை விடுகிறவர்களும், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மணி நேர வேலைக்காக இடம் தேடி மூன்று தெரு சுற்றுகிறவர்களும், தீபாவளிச் சாமான் வாங்கக் கிள்ளானின் தெங்கு கிளானா சாலைக்குப் போகிறவர்களும், தாங்கள் காரை நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு சட்டப் பந்தத்துக்குள் கால் வைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பந்தம் இருவகைப்படும். சாலையோரக் கட்டங்களில் காரை நிறுத்திக் கட்டணம் செலுத்தத் தவறினால் சிலாயாங் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றம் விதிக்கும் 'கொம்பவுன்' குற்றவியல் சார்ந்தது. இவ்வளவு தொகை கட்டினால் உன்மீது வழக்குத் தொடராமல் விடுகிறோம் என்று, சட்டத்தால் அதிகாரம் பெற்ற மன்றம் முன்வைக்கும் சமரசம் அது. 2025ஆம் ஆண்டில் சிலாங்கூர் அரசு எஸ்.ஐ.பி. என்னும் திட்டத்தின் கீழ், சிலாயாங் உள்ளிட்ட சில ஊராட்சிகளின் சாலையோர வாகன நிறுத்த நிர்வாகத்தில் தனியாரைச் சேர்த்த பின்னரும், அந்தத் தண்டனை அதிகாரம் சட்டப்படி மன்றத்துக்கே உரியது. பேரங்காடியிலோ, அலுவலகக் கட்டடத்திலோ, வேலியிட்ட தனியார் மனையிலோ கேட்கப்படும் கட்டணம் அவ்வாறன்று. நுழைவாயிலில் தொங்கும் பலகை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவும், அதைத் தாண்டிக் காரைச் செலுத்துவது சம்மதமாகவும் கொள்ளப்படுவதால், அது முழுக்க முழுக்க ஒப்பந்தத்தின்பாற்பட்ட விஷயம். அந்த நிறுவனம் எவரையும் குற்றவாளியாக்க இயலாது. வரவேண்டிய பணம் என்று சிவில் வழக்குத் தொடுக்கத்தான் இயலும். அதையும் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஆறு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.

வழக்குத் தொடுப்பவர் ரிட் என்னும் அழைப்பாணையை நீதிமன்றத்தில் பதிவு செய்து, அதைப் பிரதிவாதியின் கையில் நேராகவோ, கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்திடும் ஒப்புகை அட்டையோடு கூடிய ஏ.ஆர். பதிவுத் தபாலிலோ சேர்ப்பிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் கட்டளை. சேர்ந்த பின் பதினான்கு நாட்களுக்குள் பிரதிவாதி தாம் ஆஜராவதாகத் தெரிவிக்காவிட்டால், வாதி விண்ணப்பித்த மாத்திரத்தில் 'பெங்ஹாக்கிமான் இங்கார்' என்று மலாயில் தலைப்பிட்ட தீர்ப்பு அவருக்குக் கிடைத்துவிடும். ஒரு லட்சம் வெள்ளி வரையிலான உரிமை வழக்குகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே ஏற்பதால், கார் நிறுத்தக் கட்டணம் போன்ற சிறு தொகைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அந்தக் கார் உண்மையில் அங்கே நின்றதா, பலகை கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா, கேட்கும் தொகை நியாயமானதா என்ற கேள்விகளை அதுவரை எவரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். ஏனெனில் எழுப்ப வேண்டியவருக்கு வழக்கே தெரியாது.

இந்த ஏற்பாட்டை அடியோடு தீயதென்று தள்ளிவிடவும் முடியாது. ஒளிந்துகொள்வதனாலேயே கடனைத் தப்பிவிடலாம் என்றிருந்தால், நேர்மையாகப் பணம் கொடுத்தவன்தான் ஏமாளியாவான்; வாராத பிரதிவாதிக்காக நீதிமன்றம் காலமெல்லாம் காத்திருக்கவும் இயலாது. தீமை நேர்வது, ஒளிந்தவனையும் அறியாதவனையும் இந்த முறை ஒரே தட்டில் வைத்துவிடும்போதுதான். மலேசியத் தமிழர்களான நம்மவர்களில் அறியாதவர்கள் உண்டாகும் வழிகளோ பல. தோட்ட வீட்டிலிருந்து தாமான் குடியிருப்புக்கும், ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கும் குடிபெயர்ந்தவர்கள் மைகார்டு அடையாள அட்டையிலும் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் முகவரியை மாற்றாமல் இருந்துவிடுகிறார்கள். தவணை முடியாத காரை 'சம்போங் பாயார்' என்று வாய்மொழியாக இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பெயர் மாற்றமே செய்யாமல், கார் தம்மை விட்டுப் போய்விட்டது என்று நிம்மதி கொள்கிறவர்கள் உண்டு. சட்டத்துக்கு முரணான அந்தப் பழக்கத்தில் காரை ஓட்டுகிறவர் வேறு, ஏட்டில் உள்ளவர் வேறு என்றாகிவிடுகிறது. பிறர் கார் எண்ணைப் போலிப் பலகையில் எழுதி ஓட்டும் கயவர்களும் உண்டு.

இந்நோய் முழுவளர்ச்சி பெற்றிருக்கும் தேசத்தைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தனியார் நிலத்தில் கார்ச் சக்கரத்தைப் பூட்டுவதைத் தடைசெய்தது; அதற்கு ஈடாக, ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது சில நிபந்தனைகளின் பேரில் ஏட்டில் பதிவான உரிமையாளரிடமே கட்டணம் கேட்கலாம் என்று நிறுவனங்களுக்கு உரிமை கொடுத்தது. வாகனப் பதிவு இலாகா இரண்டரைப் பவுன் பெற்றுக்கொண்டு அந்த உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் அவர்களுக்குத் தருகிறது. முகவரி பழையதாக இருந்தால் கடிதமும் வழக்கும் பழைய வீட்டுக்கே போகும். ஒரு மாதத்துக்குள் பணம் கட்டப்படாத தீர்ப்பு ஆறு ஆண்டுகள் பொது ஏட்டில் நிற்கும். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வாழும் தமிழ்க் குடும்பம் அதை அறிவது, இங்கே போலவே, கடன் மறுக்கப்படும் நாளில்தான்.

அந்நாட்டு வழக்கு ஒன்று நம் சட்டத்தையும் வந்து தொட்டிருக்கிறது. 2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபர்டு நகரத்துக் கடைவளாகமொன்றில், இரண்டு மணி நேரம் இலவசம் என்றிருந்த இடத்தில் பாரி பீவிஸ் என்பவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகமாகக் காரை நிறுத்தினார். அதற்காகப் பார்க்கிங்ஐ என்னும் நிறுவனம் கேட்ட 85 பவுன், நஷ்டத்துக்கு ஈடா அல்லது வெறும் தண்டனையா என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 நவம்பர் 4ஆம் தேதி நீதிபதிகள் எழுவரில் அறுவர், இடத்தை ஒழுங்காக நடத்துவதில் அந்நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு என்றும், தொகை அந்த அக்கறைக்கு விஞ்சியதன்று என்றும் சொல்லி அதை ஏற்றனர். டூல்சன் பிரபு ஒருவரே மறுத்தார்.

மலேசியாவில் இதற்கு அடிப்படை, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எவ்வளவாயினும், அதற்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடே கிடைக்கும் என்கிறது அது. மருத்துவத் தொழில் ஒன்றின் விற்பனையிலிருந்து எழுந்து 1995இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவான செல்வகுமார் எதிர் தியாகராஜா வழக்கு, நஷ்டத்தை நிரூபித்துத்தான் ஈடு பெறவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. 2019ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், பீவிஸ் வழக்கின் தத்துவத்தையும் பரிசீலித்து, எல்லா வழக்கிலும் நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்று அக்கண்டிப்பைத் தளர்த்தியது; தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பை ஒப்பந்தத்தை மீறியவர் மீது வைத்தது. ஆகவே, கட்டணம் அதிகம் என்று வருந்துவது மட்டும் இன்று போதாது. எதனால் அதிகம் என்று காட்டியாக வேண்டும்.

இனிப் பரிகாரத்தைப் பார்ப்போம். கேளாமல் வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் உரிமை, எவரோ இரங்கி அளிக்கும் சலுகையன்று. 1937இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முடித்த எவன்ஸ் எதிர் பார்ட்லம் வழக்கில், பந்தயக் கடனுக்காக ஆஜராகாமல் தீர்ப்புக்குள்ளான ஒருவரின் மனுவை ஆராய்ந்த அட்கின் பிரபு, வழக்கின் உண்மையை விசாரித்தோ இருவர் சம்மதத்தாலோ எழுதாத தீர்ப்பைத் திரும்பப் பெறும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று வகுத்த தத்துவத்தையே நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. இந்தியாவிலும் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாம் கட்டளை, பதின்மூன்றாம் விதி, ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு இத்தகைய நிவாரணத்தை வைத்திருக்கிறது.

ரத்து மனு இரண்டு வாயில்களில் ஒன்றின் வழியாக நுழைய வேண்டும். அழைப்பாணை விதிப்படி சேர்ப்பிக்கப்படவே இல்லை என்பது போன்ற முறைகேட்டைக் காட்டினால், தீர்ப்பு முறையற்றதாகி, உரிமையாகவே ரத்தாகும். முறைப்படியே சேர்ப்பிக்கப்பட்டிருந்தால், வர இயலாமைக்கும் தாமதத்துக்கும் காரணம் சொல்வதோடு, விசாரித்தால் நிற்கக்கூடிய எதிர்வாதம் தம்மிடம் உண்டு என்பதையும் மனுதாரர் காட்ட வேண்டும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகி, என் கணவனை விசாரியாது கொன்றாய் என்று குமுறியதோடு நின்றுவிடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள், அரசியின் சிலம்பிலோ முத்து. கேளாமற் சொன்ன தீர்ப்பு வீழ்ந்தது அந்தப் பிரத்தியட்சச் சாட்சியத்தால்தான். அன்று கார் தம்மிடம் இல்லை என்பதற்கு விற்பனைப் பத்திரம், அந்நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கு வேலையிடத்து வருகைப் பதிவு, கட்டணம் கட்டியதற்கு ரசீது, எண் பலகை போலியானது என்பதற்குப் போலீஸ் புகார் ஆகியவையே நம் காலத்துப் பரல்கள்.

காலம் இங்கே மிகமிக முக்கியம். நீதிமன்ற விதிகளின் ஆணை 42, விதி 13, தீர்ப்பின் பிரதி கிடைத்த முப்பது நாட்களுக்குள் ரத்துக்கு மனுச் செய்யச் சொல்கிறது. ஆதலால் செய்தி அறிந்த மறுநாளே, வழக்கு எண்ணோடு அந்த நீதிமன்றத்தின் பதிவகத்துக்குச் சென்று—ரவாங் வட்டாரத்தாருக்குப் பெரும்பாலும் அது சிலாயாங்காக இருக்கும்—கோப்பைப் பார்வையிட மனுக் கொடுக்க வேண்டும். கோப்பில் ரிட்டும் தீர்ப்பும் இருக்கும். அவற்றைவிட உன்னிப்பாகப் படிக்க வேண்டியது, சேர்ப்பித்ததாகச் சத்தியம் செய்யும் பிரமாணப் பத்திரம். அதனோடு இணைத்திருக்கும் ஏ.ஆர். அட்டையில் எழுதிய வீட்டு எண் எது, கையெழுத்திட்டது யார், அந்தத் தேதியில் நாம் எங்கே குடியிருந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அறியாத ஒருவரின் கையெழுத்து அதில் இருந்தால், மனுவின் பாதி வலிமை அந்தச் சிறிய அட்டையிலேயே அடங்கியிருக்கிறது.

பின்னர் மனுவும், அதற்கு ஆதாரமான பிரமாணப் பத்திரமும் தயாரித்து, பத்திரத்தைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்டுப் பதிவு செய்ய வேண்டும். எப்போது, எவ்வாறு தீர்ப்பை அறிந்தோம், ஏன் முன்பே அறியவில்லை, என்ன எதிர்வாதம் என்ற மூன்றையும் தேதி வரிசையில், மிகையின்றி எழுதினாற் போதும். பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கும் ஆணையோடு நீதிமன்றச் சேவகர் வரும் அபாயம் இருந்தால், மனு முடியும்வரை நிறைவேற்றத்தை நிறுத்தி வைக்கவும் கோரலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஆதாரங்களோடு கடிதம் எழுதினால், அவர் கட்சிக்காரர் சம்மதத்தின் பேரிலேயே ரத்துக்கு உடன்படுவதும் உண்டு. அச்சத்தால் உடனே பணத்தைக் கட்டிவிட்டால் கடன் தீரலாம். நாம் கொடுக்க வேண்டியதில்லாத கடனை ஒப்புக்கொண்டதாகவும் அது ஆகிவிடலாம் என்பதால், கட்டுமுன் ஆலோசனை கேட்பதே விவேகம்.

இவையெல்லாம் மலாய் மொழியில் நடப்பவை என்பதால், வயது முதிர்ந்த நம்மவர் பலர் காகிதத்தைப் பிரிக்காமலே சாமி அறை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த அலமாரியில் கழியும் ஒவ்வொரு நாளும் முப்பதிலிருந்து குறைகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. விசாரணையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் தயங்க வேண்டியதில்லை.

கார் விற்றால் பெயர் மாற்றுவதும், வீடு மாறினால் முகவரி மாற்றுவதும் நம் கடமை. பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளிக் கட்டணத்தில் தொடங்கிய விவகாரம் ஒருவரின் கடன் நம்பகத்தையே குலைக்கும் அளவுக்குப் போகுமுன், காகிதம் உரியவர் கைக்கு உண்மையாகவே சேர்ந்ததா என்பதைக் கூடுதல் கண்டிப்போடு பார்ப்பது விதி வகுப்போரின் கடமை. இவ்விரண்டுக்கும் இடையே நமக்குள் செய்துகொள்ளக்கூடிய காரியம் ஒன்றுண்டு: நம் கோவில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களிலும் மாதம் ஒரு மாலையை ஒதுக்கி, விவரமறிந்த இளைஞர்களும் தொண்டுள்ளம் கொண்ட வழக்கறிஞர்களும் அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் நீதிமன்றக் காகிதங்களை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். அவ்வாறு செய்தால், வாதாட நியாயம் இருந்தும் அதைச் சொல்லும் காலத்தைத் தவறவிட்டுத் தோற்கும் குடும்பங்கள் நம்மிடையே நிச்சயம் குறையும்.