‘ஆள்’ என்னும் சொல்: பழவேற்காட்டுக் கரையினின்று ஒரு நோக்கு

ஆங்கிலத்தில் ஆடவரைக் குறிக்க நாள்தோறும் வழங்கும் ‘மேன்’ என்னும் சொல் பலபொருள் ஒருசொல் என்பது யாவரும் அறிந்ததே. மாந்தன், ஆண்மகன், கணவன், ஏவலன், படைவீரன், சதுரங்கக் காய் என அதன் பொருள்கள் விரிகின்றன. அது வினையாகவும் நின்று, கப்பலுக்கோ கோட்டைக்கோ ஆள் அமர்த்துதலைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் இருபாலார்க்கும் பொதுவாக மாந்தரைக் குறித்தது. ஆணுக்கு ‘வேர்’ என்றும் பெண்ணுக்கு ‘வீஃப்’ என்றும் வேறு சொற்கள் இருந்தன. பின்னர் ‘வேர்’ வழக்கொழிய, பொதுச்சொல்லே ஆணுக்கும் உரியதாயிற்று. பொதுமையும் ஆண்மையும் ஒரு சொல்லில் ஒருங்கே தங்கியதால் எழும் மயக்கம் அம்மொழியில் இன்றும் தீர்ந்திலது.

தமிழில் இதற்கு நிகராக வைத்து எண்ணத்தக்க சொல் ‘ஆள்’. இரண்டும் உறவற்ற மொழிக் குடும்பங்களைச் சார்ந்தவை. எனினும் பொருள் விரிந்த நெறி பெரிதும் ஒத்திருக்கிறது. இச்சொல்லின் பொருள்களை அகரமுதலிகள் நிரல்படத் தந்துள்ளன. ஆயின், ஒரு பொருள் எவ்விடத்து ஆணை மட்டும் சுட்டும், எவ்விடத்து இருபாலாரையும் சுட்டும் என்பதை அவை விளக்கவில்லை. அதனை ஓர் ஊர்ச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையை எடுத்துக்கொண்டோம். அங்கு ஆளை எண்ணும் முறையே பிழைப்பின் உரிமையை முடிவு செய்வதாக இருத்தலின், சொல்லின் பொருள் நூலளவில் நில்லாது வாழ்வளவில் வினைசெய்வதைக் காணலாம்.

முதற்கண் பொது வழக்கினை நோக்குவோம். ‘வீட்டில் ஆள் இருக்கிறதா’, ‘ஆளில்லா ஊர்’, ‘ஆளுக்கு ஒரு பழம்’ என்னுமிடங்களில் ‘ஆள்’ பால் காட்டாது நிற்கிறது. தொல்காப்பியர் உயர்திணையை ஆடூஉ, மகடூஉ, பலர் என மூன்றாக வகுத்தார். ‘ஆள்’ அம்மூன்றனுள் எதனுள்ளும் தானாக அடங்குவதன்று. முடிக்கும் வினையும் சூழலுமே அதன் பாலை அறிவிக்கும். பேச்சு வழக்கில் ‘நாலு ஆள் வந்தது’ என அஃறிணை முடிபும் கொள்கிறது. இவ்வாறு வருமிடத்து அது ஒருவரைப் பற்றிய பெயர் என்பதினும் எண்ணுதற்குரிய அலகு என்பதே பொருந்தும். ‘ஓராள் ஆழம்’, ‘ஆளுயரம்’ என்னும் தொடர்களில் அது நீட்டலளவையாகவே மாறிவிடுகிறது.

அடுத்து வருவது தொழிற்பொருள். கூலிக்கு அமர்ந்தவர் ‘ஆள்’, கூலி ‘ஆள்கூலி’. வயல்வேலையில் பெண்ணைக் குறிக்க வேண்டின் ‘பெண்ணாள்’ என்றோ ‘பெண்டாள்’ என்றோ அடைகொடுத்துச் சொல்வர். ஆணை அடையின்றி ‘ஆள்’ என்று சொல்வதே பெரும்பான்மை. இலக்கண நெறியிற் கூறின், பொதுப்பெயர் அடையின்றி நிற்குங்கால் ஆணுக்கு உரியதாகவும், பெண்ணுக்கு அடை வேண்டுவதாகவும் அமைகிறது. பொதுமை என்று தோன்றுவதன் உள்ளே ஒரு சாய்வு உண்டு என்பதற்கு இதுவே முதற்சான்று.

இச்சாய்வு மிகத் தெளிவாகப் புலப்படுவது ‘ஆளாதல்’ என்னும் வினையில். ‘மகன் ஆளாகிவிட்டான்’ எனின், தன் காலில் நிற்கும் தகுதி பெற்றான் என்பது பொருள். ‘மகள் ஆளாகிவிட்டாள்’ எனின், பூப்பெய்தினாள் என்பது பொருள். சொல் ஒன்று, வினைமுடிபின் பால் மட்டுமே வேறு. ஆணுக்கு ஆளாதல் ஊரில் பெறும் நிலையாகவும், பெண்ணுக்கு ஆளாதல் உடலில் நேரும் மாற்றமாகவும் கொள்ளப்பட்டன. ‘அவனை ஆளாக்கினார்’ என்பதற்கு நேராக ‘அவளை ஆளாக்கினார்’ என்பதும் இந்நாளில் கல்வி, பதவி பற்றி வழங்கத் தொடங்கியுள்ளது. பழைய பொருள் இன்னும் மறையவில்லை. புதிய பொருள் அதன் பக்கத்தில் இடம்பிடித்துள்ளது.

மூன்றாவது அடிமைப்பொருள். ‘ஆட்கொள்ளுதல்’, ‘ஆட்செய்தல்’ என்பன சமய இலக்கியத்தில் இறைவனுக்கும் அடியார்க்கும் உள்ள உறவைச் சுட்டுவன. ஞானசம்பந்தரை ‘ஆளுடைய பிள்ளையார்’ என்றும் சுந்தரரை ‘ஆளுடைய நம்பி’ என்றும் வழங்கும் மரபும் இதன்பாற்பட்டதே. சுந்தரர் வரலாற்றில் வழக்கின் சான்றாக வரும் ‘ஆளோலை’யும், சோழர்காலக் கல்வெட்டுகளில் வரும் ‘ஆள்விலைப் பிரமாண’மும், மாந்தர் விலைப்பொருளாய் இருந்த நிலையை மறைவின்றிக் காட்டுகின்றன. பத்திநெறி இழிந்த நிலையொன்றன் பெயரை எடுத்து உயர்ந்த நிலைக்கு உரியதாக்கிற்று. ஆயின் உலகியலில் அப்பெயரின் கொடுமை நீங்கிற்றில்லை.

இவ்விடத்தில் பழவேற்காடு தன் வரலாற்றோடு நம்முன் வருகிறது. ஒல்லாந்தர் அங்கு 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு அதுவே தலைமையிடம். அவ்வாணிகத்தில் துணியோடு மாந்தரும் பண்டமாயினர். பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில் தம்மையும் தம் மக்களையும் விற்றோரும், பிடித்து விற்கப்பட்டோரும் இக்கரையினின்று பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ‘ஆள் பிடித்தல்’ என்னும் தொடரை இன்று நாம் தேர்தல் கூட்டத்திற்கும் கூலிவேலைக்கும் எளிதாக வழங்குகிறோம். இத்தகைய கரையில் நின்று எண்ணுவோர்க்கு அத்தொடர் அத்துணை எளிதாகத் தோன்றாது.

இனி, சொற்பிறப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். ‘ஆளுபவன் ஆதலின் ஆள்’ எனப் பெயரையும் வினையையும் ஒன்றாக்கி உரைப்பது பலரிடம் காணப்படும் கருத்து. ஆண் ஆளப் பிறந்தவன் என்னும் எண்ணத்திற்கு இது துணையாகவும் எடுத்தாளப்படுகிறது. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திர நாட்டில் உள்ளது. ஏரியின் இருமருங்கும் தெலுங்கும் தமிழும் அருகருகே ஒலிக்கின்றன. எனவே தெலுங்கைத் துணைக்கொள்வது இங்குப் பொருத்தமே. அம்மொழியில் ஆளுதலைக் குறிக்கும் வினை ‘ஏலு’ என்பது. தமிழில் ஆகாரம் நிற்க, தெலுங்கில் ஏகாரம் நிற்கும் இவ்வுறவு தனித்ததன்று. தமிழ் ‘ஆறு’ தெலுங்கில் ‘ஏரு’. தமிழ் ‘ஆண்டு’ தெலுங்கில் ‘ஏடு’. தமிழ் ‘யானை’ தெலுங்கில் ‘ஏனுகு’. இச்சொற்களுக்குத் தமிழில் ‘யாறு’, ‘யாண்டு’ என யகர முதலாகிய பழவடிவங்கள் உள்ளமை அறிவோம். ஆகவே ஆளுதல் என்னும் வினைக்கும் யகர முதலாகிய ஒரு வடிவம் முன்னர் இருந்திருத்தல் வேண்டும் என ஒப்பியல் வல்லார் கொள்வர். மாந்தரைக் குறிக்கும் ‘ஆள்’ அவ்வினத்தைச் சார்ந்ததன்று. பரோ, எமனோ ஆகிய இருவர் தொகுத்து 1961இல் வெளிவந்து 1984இல் திருந்திய பதிப்புப் பெற்ற திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றை வேறுவேறு பதிவுகளாகத் தருவதும் இதுபற்றியே.

அதே தெலுங்கில் ‘ஆலு’ என்பது மனைவியைக் குறிக்கும். கணவன் மனைவியரை ‘ஆலுமகலு’ என்பர். தமிழிலும் ‘மனையாள்’, ‘மனையாட்டி’, ‘பெண்டாட்டி’ என்பவற்றில் இவ்வடிவம் பெண்ணுக்கே உரியதாய் நிற்கிறது. இவ்வொப்புமையினின்று பெரும் முடிபு எதனையும் யாம் வலிந்து கொள்ளவில்லை. ‘ஆண்’ என்பதோடு ‘ஆள்’ உறவுடையது எனக் கூறுவதற்கும் இடமுண்டு. எனினும், ஆட்சி என்பது ஆள் என்னும் பெயரின் உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது என்னும் கூற்று நிற்கமாட்டாது என்பது மட்டும் தெளிவு. சொல் வேரில் இல்லாத அதிகாரத்தை வழக்கு தந்தது எனின், எவ்வழக்கு என்று காணுதல் நம் கடன்.

அவ்வழக்கைப் பழவேற்காட்டு மீனவர் ஊர்களில் நேரே காணலாம். அங்குள்ள பட்டினவர் ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தை அடுத்து, நீரோட்டத்தில் இறால் மிகுதியாக வரும் இடங்கள் சிலவே. எல்லாரும் ஒருங்கே அங்கு வலை கட்டுதல் இயலாது. ஆதலின் எவ்விடத்தில் எந்நாளில் எவர் வலை நிறுத்துவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்கின்றனர். ‘படு’ என்னும் வினையினின்று பிறந்த ‘பாடு’ என்னும் தொழிற்பெயர், வலைபடும் இடத்தையும் அவ்விடத்துக்குரிய முறையையும் குறிப்பதாயிற்று. கிடைத்த மீனை ‘மீன்பாடு’ என்றலும் கடற்கரை வழக்கே. ஈழத்துக் கரைவலைத் தொழிலிலும் வலையிழுக்கும் கரைப்பகுதி ‘பாடு’ எனப்படுகிறது.

நல்ல இடம் ஒருவர்க்கே என்றும் அமையாது முறையாகச் சுழன்று வருதலின், இது செம்மையான பங்கீடு எனப் புகழப்பெறும். அப்புகழ்ச்சி தகும். ஆயின் சீட்டில் பெயர் இடம்பெறுவார் யார் என்பதே முதல் வினா. அதற்கு விடை ‘தலைக்கட்டு’ என்னும் சொல். ஊர்வரிக்கும் கோயில் விழாவுக்கும் குடும்பங்களை எண்ணத் தமிழகமெங்கும் வழங்கும் சொல்லே இது. இங்கு அது அவ்வூர்ச் சமூகத்தைச் சார்ந்த, மணம்புரிந்த ஆண்மகனைக் குறிக்கிறது. மணமாகும்போது இளைஞன் தலைக்கட்டாகிறான். ஊரின் ஓர் ஆளாக எண்ணப்படுகிறான். மேலே கூறிய ‘மகன் ஆளானான்’ என்னும் தொடர் இங்கு வெறும் பாராட்டன்று. நீரில் ஓரிடத்துக்கு உரிமை பெற்றான் என்னும் நடைமுறைப் பொருளும் அதற்கு உண்டாகிறது.

எண்ணும் முறை ஒருவரை உள்ளே கொள்ளும்போது வேறொருவரைப் புறத்தே நிறுத்துகிறது. பாட்டுரிமை இல்லாத பிற சமூக மீனவர் தமக்கும் அந்நீரில் பங்கு வேண்டும் என வழக்காடியது இவ்வேரியின் அண்மைக் கால வரலாற்றில் ஒரு பகுதி. பெண்டிரோ அவ்வழக்கிலும் பேசப்படாதவர். கரையேறிய மீனை வாங்கிக் கூடையில் சுமந்து விற்பவர் அவர். உப்பிட்டு உலர்த்துபவரும் அவரே. அவ்வருவாயில் அடுப்பெரியும் இல்லங்கள் பல. எனினும் தலைக்கட்டு எண்ணிக்கையில் அவர் ஆள் ஆகார்.

இருளர் நிலை இன்னும் எண்ணத்தக்கது. பழவேற்காட்டு ஏரி ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவினதே. பெரும்பாலான இடங்களில் ஓராள் ஆழமும் இல்லை. அதனாலேயே வலையும் படகும் இன்றி, நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தல் கைகூடுகிறது. இருளர் ஆடவரும் பெண்டிரும் இத்தொழிலைச் செய்கின்றனர். ஒருவர் எத்துணை நேரம் நீரில் நின்றார், எத்துணை இறால் கொணர்ந்தார் என்று நோக்கின் அங்கு ஆண் பெண் வேற்றுமை இல்லை. அந்நீரின் ஆழத்தை அளக்க ஆள் என்னும் அலகு பயன்படுகிறது. அதே நீரில் இறங்கி உழைக்கும் பெண்ணை எண்ண அச்சொல் பயன்படவில்லை. நாம் இதுகாறும் ஆராய்ந்த பலபொருள்களும் ஒன்றோடொன்று முரணி நிற்கும் இடம் இதுவே.

இவற்றால் அறியலாகும் முடிபு ஒன்றுண்டு. ‘ஆள்’ என்பதன் பாலும் மதிப்பும் அச்சொல்லின் உள்ளே நிலையாகத் தங்கியிருக்கவில்லை. எந்த எண்ணிக்கையில் அச்சொல் இடம்பெறுகிறதோ அவ்வெண்ணிக்கையே அவற்றைத் தருகிறது. பந்தியில் எண்ணும்போது பெண்ணும் ஆள், குழந்தையும் ஆள். கூலியில் எண்ணும்போது பெண் அடைபெற்ற ஆள். விலையோலையில் எண்ணியபோது ஆண் பெண் இருவரும் ஆள். அங்கு மட்டும் சமன்மை தடையின்றிக் கிடைத்தது என்பது வருந்தத்தக்கது. உரிமையில் எண்ணும்போது மணமான ஆண்மகன் மட்டுமே ஆள்.

ஆதலின் வழக்குச்சொல் தொகுக்கப் புகும் முதுகலை மாணாக்கர்க்கு ஒன்று கூற விழைகிறோம். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுங்கால் ‘ஆள்: மனிதன், வேலையாள்’ என்று முடித்துவிடல் போதாது. எவர் எண்ணினார், எதற்காக எண்ணினார், எவரை எண்ணாது விட்டார் என்னும் மூன்றையும் குறித்தல் வேண்டும். ‘இவ்வூரில் மீன்பிடிப்போர் எத்தனை ஆள்’ என்று வினவுவோர், வினவிய சொல்லாலேயே பாதி ஊரை விட்டுவிடக்கூடும். அவ்வாறு பெற்ற எண்ணிக்கை ஏட்டில் ஏறி, உதவித்தொகைக்கும் உரிமைப்பதிவுக்கும் அடிப்படையாகுமாயின், அகரமுதலியின் குறை அடுப்படியின் குறையாகும். சொல்லாராய்ச்சி வாழ்க்கைக்குச் செய்யக்கூடிய தொண்டு சிறிதே எனினும், அச்சிறிதைப் பிழையறச் செய்தல் நம் கடமை என்க.