ஆற்றோடு போவதா, காற்றோடு போவதா?

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் சைக்கிளில் வருவது எளிதா, திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் போவது எளிதா? இதை ஒரு வகுப்பில் கேட்டால் பலரும் உடனே, "வருவதுதான் எளிது. தாமிரபரணி ஓடும் திசை அதுதானே! மலையை நோக்கிப் போவதென்றால் மேடு ஏற வேண்டுமே" என்பார்கள். ஆடி மாதத்தில் விடை சரி. ஆனால் காரணம் சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அம்பாசமுத்திரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 75 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருநெல்வேலியின் உயரம் ஏறத்தாழ 45 மீட்டர். சாலைத் தொலைவு சுமார் 35 கி.மீ. ஆக, 35,000 மீட்டர் தொலைவில் 30 மீட்டர்தான் ஏற்றம். மாணவரின் எடை 50 கிலோ, சைக்கிளின் எடை 20 கிலோ என்று கொள்வோம். இந்தச் சரிவில் அவரைப் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பு விசை 0.6 நியூட்டன் மட்டுமே. ஒரு கோழிமுட்டையைக் கையில் தாங்கிப் பிடிக்க இவ்வளவு விசை போதும். ஆறு ஓடுவதற்கு அது தாராளம். சைக்கிள்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் எதனோடுதான் அவர் போராடுகிறார்? காற்றில்லாத நாளில் விநாடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்கு 14.4 கி.மீ. வேகத்தில் அவர் செல்லட்டும். டயர்கள் தரையில் உருள்வதால் ஏற்படும் தடை சுமார் 5.5 நியூட்டன். உடம்பு காற்றைக் கிழித்துச் செல்வதால் ஏற்படும் தடையும் கிட்டத்தட்ட அவ்வளவே, 5.3 நியூட்டன். மொத்தம் 11 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. இதற்குச் செலவாகும் திறன் 43 வாட்.

இப்போது எதிர்க்காற்று வீசுகிறது என்று வையுங்கள். அம்மியையே பறக்க வைக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றுகூட வேண்டாம். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசையும் அளவுக்கு, அதே விநாடிக்கு 4 மீட்டர் வேகக் காற்று போதும். சைக்கிள்காரர் உணரும் காற்றின் வேகம் இரண்டு மடங்காகிறது. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதால் நான்கு மடங்காகி, 21 நியூட்டன் ஆகிவிடுகிறது. கூடுதலாக வந்த 16 நியூட்டன், 43 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுவதற்குச் சமம். 35 கி.மீ. முழுவதும் அப்படி ஏறினால் 800 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுவோம்! வழியில் இருக்கும் உண்மையான மேடு 30 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்த மலையின் உயரம் 800 மீட்டர்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே வேகமெடுத்து நம் பக்கம் வருகிறது. செங்கோட்டைக் கணவாய் ஒரு வாசல், ஆரல்வாய்மொழிக் கணவாய் மற்றொன்று. இராதாபுரம், கூடங்குளம் வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றே. கூடங்குளத்தில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போகும் மாணவருக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. தொடைத் தசைகளே நடத்தியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது நிலைமை மாறுகிறது. அப்போது ஆற்றோடு வருபவருக்குத்தான் எதிர்க்காற்று. நம் கேள்விக்கான விடை பருவத்துக்குப் பருவம் மாறுவது இதனால்தான்.

"போகும்போது எதிர்க்காற்று என்றால் திரும்பும்போது பின்காற்று, கணக்கு நேராகிவிடும்" என்று சிலர் வாதிடுவதுண்டு. நேராகாது. அதே 43 வாட் திறனுடன் மிதித்தால் எதிர்க்காற்றில் மணிக்கு 8.3 கி.மீ.தான் போக முடியும். பின்காற்றில் 22 கி.மீ. வேகம் கிடைக்கும். 20 கி.மீ. போய்த் திரும்பக் காற்றில்லாத நாளில் 2 மணி 47 நிமிடம் ஆகிறது. காற்றுள்ள நாளிலோ சுமார் 3 மணி 20 நிமிடம். மெதுவாகப் போகும் வழியில்தான் அதிக நேரம் கழிகிறது. வேகமாகத் திரும்பும் அந்தக் குறுகிய நேரத்தில் அதை ஈடுகட்ட முடிவதில்லை.

காற்றைத் தடுக்க நம்மால் ஆகாது. வேறொரு விரயத்தைத் தவிர்க்கலாம். மேற்சொன்ன வேகத்தில் செல்லும் மாணவரின் இயக்க ஆற்றல் 560 ஜூல். ஒருமுறை பிரேக் பிடித்து நின்றால் அவ்வளவும் வெப்பமாகிப் போய்விடும். அந்த ஆற்றலில் அவர் இன்னும் 52 மீட்டர் போயிருக்கலாம். கடைத்தெருவில் ஒரு கி.மீ.க்குள் பத்து முறை நின்று புறப்பட்டால் ஒன்றரை கி.மீ. மிதித்த களைப்பு வரும். நெடுஞ்சாலையில் வேறு ஆபத்து. விரைந்து கடக்கும் லாரியின் முகப்பு முதலில் காற்றை நம் மீது தள்ளுகிறது. லாரி கடந்ததும் அதன் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தம் நம்மை உள்ளே இழுக்கிறது. தள்ளலுக்கு எதிராகச் சாய்ந்திருக்கும் நேரத்தில் இழுப்பும் சேர்ந்தால் சைக்கிள் சாலையின் நடுப்பக்கம் திரும்பிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாகனமற்ற பாதை ஓர் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நம் பள்ளத்தாக்கில் அத்தகைய பாதைகளுக்குப் பஞ்சமில்லை. சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் பாயும் கன்னடியன் கால்வாயை ஒட்டிய பாதைகளிலும், வயல்களுக்கு நடுவே செல்லும் ஊர்ச்சாலைகளிலும் விடியற்காலையில் லாரியைக் காண்பது அரிது. கால்வாய் நீர் தானாக ஓட வேண்டுமென்பதால் அதன் கரை திடீரென ஏறி இறங்குவதுமில்லை. பாபநாசத்துக்கு மேலே உண்மையான மலை தொடங்குகிறது. அங்கே 100 மீட்டர் உயரம் ஏற 68,600 ஜூல் தேவை. சமதரையில் 6 கி.மீ.க்கு மேல் செல்லும் ஆற்றல் அது. உயரத்திலிருந்து விழும் நீரின் நிலை ஆற்றல்தான் பாபநாசம் மின் நிலையத்தில் 1944 முதல் மின்சாரமாகிறது. ஆனால் அப்பகுதி 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறையின் அனுமதியின்றிப் போகலாகாது. அமெரிக்காவில் சயான் பள்ளத்தாக்கின் ஆற்றோரச் சாலையில் 2000ஆம் ஆண்டு முதல், கூட்டம் மிகுந்த மாதங்களில் சொந்தக் கார்களை விடுவதில்லை. சுற்றுலாப் பேருந்தும் சைக்கிளும் மட்டுமே ஓடுகின்றன.

அமைதியான சாலை கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிளஸ் ஒன் வகுப்பில் அரசு தரும் சைக்கிளே போதும். நீர்நிலையை ஒட்டாத, அகலமான, நேரான இடமாகத் தேர்ந்தெடுங்கள். காற்று வீசத் தொடங்குமுன் அதிகாலையில் போங்கள். வழக்கமான வேகத்தில் வந்து, ஒரு குறியிட்ட இடத்தில் மிதிப்பதை நிறுத்துங்கள். சைக்கிள் எவ்வளவு தூரம் தானாக உருண்டு நிற்கிறது என்று நண்பர் அளக்கட்டும். சரிவின் விளைவை நீக்க, எதிர்த் திசையிலும் ஒருமுறை செய்து சராசரி காணுங்கள். டயரில் காற்று நன்றாக இருந்தால் 70 மீட்டரை ஒட்டி வரும். பிறகு டயர் சற்றுத் தளரும் வரை காற்றை இறக்கிவிட்டு மறுபடி அளங்கள். உருளும் தடை இரு மடங்கானால் தூரம் 42 மீட்டராகக் குறையும். வீட்டுக்குப் புறப்படுமுன் மறுபடி காற்றடிக்க வேண்டும். பம்பு எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.