மண் லாரியும் நியூட்டன் கணக்கும்



நெய்வேலி இரண்டாவது சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவிப் பக்கம் போனால் மண் லாரிகளைப் பார்க்கலாம். காலி லாரி 10 டன் என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு அரை மீட்டர் கூட வேண்டும், அதுதான் முடுக்கம். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை: 10,000 கிலோவை 0.5ஆல் பெருக்க, 5,000 நியூட்டன். 20 டன் மண் ஏற்றிவிட்டால், அதே முடுக்கத்துக்கு 15,000 நியூட்டன்! உராய்வுக்கு வேண்டியது தனி.

மாணவர்களே, டன்னைக் கிலோவாக மாற்றாமல் பெருக்கினால் மதிப்பெண் போச்சு.

பிரேக்குக்கும் இதே கணக்குதான். காலி லாரி நிற்கும் அதே தூரத்தில், அதே வேகத்தில் வரும் சுமை லாரியை நிறுத்த மூன்று மடங்கு விசை தேவை. ஆகவே பைக்கில் போகிறவர்களே, மண் லாரிக்கு முன்னால் திடீரென்று குறுக்கே புகாதீர்கள்!