சட்டைக் காலரைக் கவ்விய நாய்

புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டியிருக்கும் மீனவர் ஊர் சின்னக்காலாப்பட்டு. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 காலை, ஒரு கட்டடத்தின் மாடியில் ஏறிக் கடலைப் பார்த்த ஒரு தந்தை, 'ஓடுங்கள்' என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். மூன்று பையன்கள், இரண்டு கைகள். சின்னவர்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு தாய் ஓடினார். ஏழு வயது மூத்தவனும் பின்னாலேயே ஓடிவருவான் என்று நம்பினார்.

அவனோ குடிசைக்குள் ஓடினான். பயந்த பிள்ளைக்கு வீடுதானே பாதுகாப்பு! அந்த வீடு கரையிலிருந்து சுமார் 40 கஜம்தான்.

வீட்டு நாய் அவனைத் தேடி உள்ளே போனது. சட்டைக் காலரைக் கவ்வி இழுத்தது, முட்டித் தள்ளியது, மேட்டுக்கு ஏறும்வரை விடவில்லை. மகன் போய்விட்டான் என்றே அழுதுகொண்டிருந்த தாய், அவனை உயிரோடு கண்டார். பிறகு உலகச் செய்திகளில் இடம்பிடித்த அந்த நாய், ஊரில் திரியும் மற்ற நாய்களைப் போன்ற சாதாரண நாய்தான். மூத்தவனோடு பள்ளிவரை நடக்கும், பகலில் தம்பிகளோடு விளையாடும், சாப்பாட்டுக்குக் கெஞ்சும், இரவில் பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும்.

ஆழிப்பேரலையை விலங்குகள் முன்கூட்டியே உணர்ந்தன என்று அப்போது நிறையப் பேசப்பட்டது. இந்தச் சம்பவத்துக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. பிள்ளை எங்கே ஓடுவான் என்று அந்த நாய்க்குத் தெரிந்திருந்தது.