எவ்வளவு ஒளி போனால் பரவாயில்லை?

1966-இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். கண்ணாடி இழை வழியே ஒளியை அனுப்பித் தொலைபேசிப் பேச்சைக் கொண்டுபோகலாம் என்பது அதன் சாரம். அன்று கிடைத்த இழைகளிலோ, இருபது மீட்டர் தாண்டுவதற்குள் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு ஒளி காணாமல் போய்க்கொண்டிருந்தது. இதை வைத்து ஊர்விட்டு ஊர் பேசுவதா?

இழப்பே இல்லாத கண்ணாடிக்குக் காவோ ஆசைப்படவில்லை. எதுவரை இழக்கலாம் என்று கணக்குப் பார்த்தார். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும், தொழிலுக்கு ஆகும் என்பது அவர் கண்ட விடை. பொறியாளர் கணக்கில் அது கிலோமீட்டருக்கு 20 டெசிபல். 10 டெசிபல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒன்று. 3 டெசிபல் போனால் பாதி. வழியில் நேரும் இழப்புகளையெல்லாம் பெருக்காமல் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதுதான் இந்த அளவையின் சௌகரியம்.

ஒளியைத் தின்பது கண்ணாடியல்ல, அதில் கலந்திருக்கும் இரும்பும் செம்பும்தான் என்று காவோ வாதாடினார். ஜன்னல் கண்ணாடியை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் பச்சையாகத் தெரிகிறதே, அது இரும்பின் வேலை. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் இழப்பைக் கிலோமீட்டருக்கு 17 டெசிபலுக்குக் கொண்டுவந்தார்கள். 1979-இல் ஜப்பானில் அது 0.2 ஆயிற்று. அதாவது, முன்பு இருபது மீட்டரில் செலவான ஒளி நூறு கிலோமீட்டர் வரை தாங்கியது. காவோவுக்கு நோபல் பரிசு வந்தபோது 2009 ஆகிவிட்டிருந்தது.

அந்த 0.2-க்குக் கீழே இறங்குவது பெரும்பாடு. உருகிய கண்ணாடி இறுகும்போது அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் உறைந்துவிடுகின்றன. அவற்றில் பட்டு ஒளி சிதறுகிறது. வானத்தை நீலமாக்கும் அதே ராலே சிதறல். அலைநீளம் கூடக்கூட இது வேகமாகக் குறையும். அதனால்தான் நெடுந்தொலைவுக்குக் கண்ணுக்குத் தெரியாத 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறார்கள். அப்படியும் நூறு கிலோமீட்டரில் மிஞ்சுவது நூற்றில் ஒன்றுதான். 2020-இல் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிளின் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். கடலடியில் இடையிடையே ஒளிபெருக்கிகள் இல்லாமல் அந்தமானுக்கு எதுவும் போய்ச் சேராது.

வீட்டுக்கு வரும் ஃபைபரில் கதை வேறு. இங்கே பெரிய செலவு தூரம் அல்ல, பங்கீடு. ஓர் இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டுமே சுமார் 17 டெசிபலை எடுத்துக்கொள்கிறது. பத்து கிலோமீட்டர் இழைக்கு 2.5, ஆறு ஜாயிண்டுக்கு 0.6, நான்கு கனெக்டருக்கு 2 என்று வைத்தால் மொத்தம் சுமார் 22. இவ்வகை இணைப்புகளில் பரவலாக உள்ள தரம் அனுமதிப்பது 28. மிச்சத்தை வீண் என்று நினைக்கக்கூடாது. நாளைக்கே சாலை தோண்டும் பொக்லைன் கேபிளை அறுக்கும். ஒட்டினால் புது ஜாயிண்டுகள் சேரும். அதற்கென்று குறைந்தது 3 டெசிபலாவது கையிருப்பு வைக்காத நிறுவனம் கெட்டிக்காரத்தனமாக எதையும் மிச்சப்படுத்திவிடவில்லை.

இணைப்புக் கொடுக்க வருபவர் கையிலுள்ள பவர் மீட்டர் −20 என்று காட்டும். ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து அளப்பதால்தான் இந்தக் கழித்தல் குறி. −20 என்றால் மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்கு. பக்கத்து வீட்டில் −17, நமக்கு −23 என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டிலும் இணைய வேகம் ஒன்றே. வருவது ஒன்றும் பூஜ்யமும்தான்; அவற்றை மோடம் பிரித்தறியும் வரை கூடுதல் ஒளியால் லாபமில்லை. −27 வாக்கில்தான் எல்லை. அதைத் தாண்டினால் பிழைகள் பெருகி இணைப்பு அறுந்து அறுந்து வரும். மறுபக்கமும் எல்லை உண்டு: −8-க்கு மேல் போனால் ஒளி மிகுந்து மோடம் திணறும்.

நேற்றுவரை −20 காட்டியது இன்று −26 காட்டினால்தான் விசாரிக்க வேண்டும். பீரோவுக்குப் பின்னால் ஒயர் சுருக்கென்று மடங்கியிருக்கலாம். கூர்மையான வளைவில் ஒளி இழையைவிட்டு வெளியே கசியும். அதைவிட அடிக்கடி நடப்பது, கனெக்டர் முனையில் தூசி. ஒளி ஓடும் மையப்பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான்தான்; தலைமுடியின் தடிமனில் அது ஒரு சிறு பங்குதான். மோடத்தை மாற்றுவதற்கு முன் அந்த முனையை அதற்குரிய துடைப்பானால் துடைத்துப் பார்க்கச் சொல்லலாம். வாயால் ஊதினால் ஈரம் படிந்து இன்னும் கெடும். ஒளி வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் தானாக மூடாது.