வேனிற் காலத்தில் ஒரு வன உலா

பாலக்காட்டுக் கணவாயின் கீழ்த்திசையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் வடகரப்பதி. கேரளத்தின் ஏனைய பகுதிகளைப் போல் பெருமழை காணாத பூமி இது. சித்தூர் தாலுகாவின் இப்பகுதியில் கரிசல் மண்ணும் பனைமரங்களும் கண்ணுக்குத் தென்படும். தமிழ் பேசும் மக்களும் பலர். மாசி, பங்குனி மாதங்களில் இலவும் புரசும் இலையுதிர்த்துச் செந்நிறப் பூக்களைத் தாங்கி நிற்கின்றன. தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்படும் அவ்வேளையில், குடும்பத்தோடு ஒரு நாள் காட்டைக் கண்டு வரலாம் என்ற ஆவல் எழுவது இயல்பே.

அவ்வாறு புறப்படுவோர் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நமக்கு விடுமுறையாக அமையும் இப்பருவம், பல பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் பேறுகாலமாகும். ஆதலால் அப்போது காட்டுக்குச் செல்பவர், பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செல்லும் விருந்தினருக்கு ஒப்பாவார். அவ்வீட்டில் நாம் உரக்கப் பேசுவதில்லை. தாயை எழுப்பித் தொட்டிலைக் காட்டச் சொல்வதுமில்லை.

வீட்டருகே ஒரு பாடம்

இப்பாடத்தைக் குழந்தைகள் கற்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஊர்ப்புறத்துத் தரிசு நிலத்தில் ஆள்காட்டிக் குருவி பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகிறது. கூடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தரையில் ஒரு சிறு பள்ளமே உண்டு. முட்டைகளின் மேலுள்ள கரும்புள்ளிகளும் திட்டுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கற்களிலிருந்து வேறுபடுத்த இயலாதபடி செய்துவிடுகின்றன. மனிதர் நெருங்கினால் பறவை எழுந்து, தலைக்கு மேல் வட்டமிட்டுக் கூச்சலிடும்.

அக்கூச்சல் கேட்டவுடன் வந்த வழியே பின்வாங்கி, கூச்சல் ஓயும் தொலைவில் ஒரு மர நிழலில் அமர்ந்திருப்பதே முறை. சிறிது நேரத்தில் பறவை தரையிறங்கி, நேரே வாராமல், அங்குமிங்கும் நடந்து தன் முட்டைகளிடம் திரும்புவதைக் காணலாம். கடும் வெயிலில் அது நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. நண்பகலில் வேடிக்கை பார்ப்போர் அதனை நெடுநேரம் விரட்டிவைத்தால், முட்டைக்குள் இருக்கும் கரு வெப்பத்தால் மாண்டுபோகக்கூடும். மிக அருகிற் செல்பவர் முட்டையை மட்டுமே காண்பார். விலகி அமர்பவர் பறவையின் வாழ்க்கையைக் காண்பார்.

இருவாட்சியின் அடைகாப்பு

பெருங்காட்டைக் காண விரும்புவோர்க்குப் பறம்பிக்குளம் உள்ளது. 1973-ல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2010-ல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இவ்வனமும் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்ததே. எனினும் அங்குச் செல்வோர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்தே செல்கின்றனர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்தபோது, இவ்வனத்திலுள்ள குரியார்குட்டியில் தங்கினார்.

கேரளத்தின் மாநிலப் பறவையாகிய பெரிய இருவாட்சி ஆனைமலைக் காடுகளில் வாழ்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் பெண்பறவை முதுமரத்தின் பொந்தினுள் புகுந்து, எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு பிளவு மட்டுமே எஞ்சும். உள்ளிருக்கும் காலத்தில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஆகவே அத்தாயும், பின்னர்ப் பொரிக்கும் குஞ்சும், ஆண்பறவை அத்திப்பழம் முதலியவற்றைக் கொணர்ந்து பிளவின் வழியே ஊட்டுவதை நம்பியே உயிர் வாழ்கின்றன.

கூட்டு மரத்தின் அடியில் ஆட்கள் கூடிச் சத்தமிட்டால், ஆண்பறவை அருகில் வர அஞ்சி அப்பாற் காத்திருக்கும். மரத்தடியில் நிற்பவருக்கு ஒரு புகைப்படம் கிடைக்கலாம். பொந்தினுள் இருப்பவற்றுக்கோ ஒரு வேளை உணவு தவறும்.

வரையாட்டுக்காக மூடப்படும் வாயில்

இந்நெறியைச் சட்ட ஒழுங்காகவே கடைப்பிடிக்கும் இடமும் உண்டு. இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில், வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தை முன்னிட்டு, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளரை அனுமதிப்பதில்லை. சுமார் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவில் வரையாடுகள் மிகுதியாக வாழ்கின்றன. ஓர் ஆடு பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனுகிறது. ஆகவே மிரண்டோடும் மந்தையிலிருந்து பிரிந்துபோகும் ஒவ்வொரு குட்டியும் அவ்வினத்துக்கு ஒரு பேரிழப்பாகும்.

உலாவின் ஒழுங்கு

குடும்பத்தை அழைத்துச் செல்வோரும், மாணவரை நடத்திச் செல்லும் ஆசிரியரும் சில விதிகளைக் கைக்கொள்வது நலம். காலைப் பொழுதிலேயே புறப்படுக. வெயில் ஏறிய பின் பறவைகள் ஓய்ந்துவிடும். பளிச்சிடும் நிற ஆடைகளைத் தவிர்க்க. காட்டுக்குள் வனத்துறையினர் வகுத்த பாதையையும் நேரத்தையும் மீறாதிருக்க. குரங்குகளுக்கு உணவளிப்பது அன்பன்று. அது அவற்றை வழிப்பறிக்குப் பழக்குவதாகும். சருகு உலர்ந்த இப்பருவத்தில் அணையாத ஒரு தீக்குச்சி ஒரு மலைச்சரிவையே எரிக்க வல்லது.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்து, ஒரே இடத்தில் அரைமணி நேரம் அமைதியாய் அமரச் செய்யலாம். கண்ட பறவைகளின் பெயர் தெரியாவிடினும் குறையில்லை. அவை என்ன செய்தன என்று எழுதினால் போதும். தாங்கள் வந்து போனதைக் காடு அறியாதபடி திரும்பி வரும் பிள்ளைகள், மறு ஆண்டும் அதே பறவைகளைக் காணும் வாய்ப்பைத் தாங்களே காத்துவைத்தவர்கள் ஆவார்கள்.